கச்சேரிக் கணக்கு – 14: கட்டு அவிழ்ந்த கதை

திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் நிலத் தகராறு என்று யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் மூன்றாவது நான்காவது வாக்கியத்துக்குள் அந்தச் சொல் வந்துவிடும். “யுடிஆர்ல பேரு மாறிப்போச்சு சார்.” சொல்கிறவருக்கு அந்த மூன்று எழுத்தின் விரிவு தெரிந்திருக்காது. தானே புயல் மாதிரி அதுவும் ஒரு காலத்தில் வந்து போன ஒன்று. வந்து போனதில் சிலருக்கு நிலம் போனது, சிலருக்கு நிலம் வந்தது.

சென்ற பகுதியை ஓமந்தூராரோடு முடித்திருந்தேன். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோதுதான் 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஜமீன் நிலங்கள் ரயத்துவாரிக்கு மாறின. குடியானவர் பெயருக்குப் பட்டா வரத் தொடங்கியது. ஆனால் அந்தப் பட்டாவை எழுதிய கை மாறவில்லை. அது கர்ணத்தின் கை. அந்தக் கை விலக்கப்பட்டதையும், அதன் இடத்தில் இயந்திரம் எழுத வந்ததையும் இந்தப் பகுதியில் பார்ப்போம்.

தென்னார்க்காட்டுக் கிராமம் ஒன்றில் கர்ணம் வீடு என்றால் ஒரு மரப்பெட்டியும் அதற்குள் துணியில் முடிந்த கட்டுகளும். கட்டை அவிழ்த்தால் அ-பதிவேடு: சர்வே எண், நஞ்சையா புஞ்சையா, பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர். அடுத்து 10-ஆம் எண் கணக்கான சிட்டா: எந்தப் பட்டாதாரருக்கு எங்கெங்கே என்னென்ன நிலம். அப்புறம் 2-ஆம் எண் கணக்கான அடங்கல்: இந்தப் பசலியில் எந்த வயலில் என்ன பயிர். பசலி ஆண்டு ஜூலை முதல் தேதி பிறக்கும். அன்றைய ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி கிடைக்கும். அரசாங்கத்தில் எத்தனையோ மாறிவிட்டன, இந்த மொகலாய காலக்கணக்கு மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

ஏட்டில் இருந்தது ஏக்கரும் சென்ட்டும். ஊர் பேசியது காணியும் குழியும். “ஏரிக்கரை மேலண்டை அரைக்காணி, புளியமரத்துக்குத் தெற்கே” என்று குடியானவர் சொன்னால், சர்வே எண் இன்னது, உட்பிரிவு இன்னது, 66 சென்ட் என்று கர்ணம் வாயிலிருந்து வரும். ஊரின் பேச்சுக்கும் சர்க்காரின் ஏட்டுக்கும் நடுவே இருந்த துபாஷி அவர்தான். ஏட்டில் இல்லாத பலவும் அவருக்குத் தெரியும். பங்காளிகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டது, ஒத்திக்கு விட்டு மீட்காதது, பெயர் ஒருவருக்கும் அனுபவம் இன்னொருவருக்கும் இருப்பது, எல்லாம்.

இதைப் படித்து கர்ணத்துக்காகக் கண்ணீர் விட வேண்டாம். தெரிந்தவர் என்பதாலேயே விற்கவும் தெரிந்தவர் அவர். எந்தத் தெருவிலிருந்து வந்தவரை எங்கே நிற்க வைத்துப் பேசினார் என்பதற்கு ஒவ்வோர் ஊரிலும் கதை இருக்கிறது. மகன், பேரன் என்று வாரிசாக வந்த பதவி. ஆந்திர வழக்கொன்றில் 1960-இல் உச்ச நீதிமன்றம் கிராமப் பதவிகளின் பரம்பரை உரிமை அரசமைப்புக்கு விரோதம் என்று சொன்ன பிறகும், பல ஊர்களில் அதே குடும்பத்து வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருந்தது.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. முன்சீப், கர்ணம் எல்லோரும் ஒரே நாளில் ‘முன்னாள்’ ஆனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1982-இல் அரசின் முடிவு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அந்த இடத்துக்கு வந்தவர்தான் முழுநேர ஊழியரான வி.ஏ.ஓ. சமூக நீதியின் கணக்கில் இது பெரிய காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கவலை நாட்காட்டியைப் பற்றியது.

யுடிஆர் என்று ஊர் சொல்கிற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் 1979 ஜூன் முதல் தேதி தொடங்கி 1987 ஏப்ரல் 30-இல் முடிந்தது. செத்துப்போன பாட்டன் பெயரிலும், பிரிந்துபோன பங்காளிகளின் கூட்டுப் பெயரிலும் கிடந்த பட்டாக்களை, அன்றைக்கு யார் அனுபவத்தில் இருக்கிறார்களோ அவர்கள் பெயருக்குக் கொண்டுவருவது நோக்கம். ஊர் ஊராகப் போய் விசாரித்து, உட்பிரிவு செய்து, ஏக்கர் சென்ட்டை ஹெக்டேர் ஏர்ஸாக மாற்றி, புதிய அ-பதிவேடு எழுதினார்கள். தொடங்கிய பதினெட்டாம் மாதத்தில், யார் நிலம் யாருடையது என்று மனப்பாடமாக வைத்திருந்த மனிதர் வேலையிழந்து கோபத்தோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். கட்டுகள் கைமாறின. கட்டுக்குள் எழுதாத விஷயம் எப்படிக் கைமாறும்? பக்கத்து ஊர் தெரியாத புதியவர்கள் விசாரித்தார்கள். விசாரணை நாளன்று ஊரில் இருந்தவர் சொன்னது ஏறியது. கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ வெளியூர் போயிருந்தவரின் பேச்சு ஏறவில்லை.

இன்னொரு விடுபடலும் உண்டு. செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, தாழ்த்தப்பட்ட மக்களுக்கென நிபந்தனையோடு நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்கிறோம். வேற்றுச் சாதியார் வாங்கினால் செல்லாது என்பது நிபந்தனை. பழைய பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் இருந்த அந்த நிபந்தனை யுடிஆரில் புதிய ஏட்டுக்கு வராமல் பல இடங்களில் காணாமல் போனது என்பது தலித் இயக்கங்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. ஒரு கலத்தை நகலெடுக்காமல் விட்டால் போதும். நிலத்தைப் பிடுங்க ஆள் அனுப்ப வேண்டியதில்லை.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு கம்ப்யூட்டரில் ஏறியது இந்த ஏடுதான்.

1993 செப்டம்பர் 30-இல் தென்னார்க்காடு மாவட்டம் இரண்டாகி விழுப்புரம் தலைநகரானது. கல்வராயன் மலையடிவாரத்துக்காரர் கலெக்டரைப் பார்க்கக் கடலூர்க் கடற்கரை வரை போன காலம் முடிந்தது. புதிய மாவட்டத்துக்குக் கடலூரிலிருந்து கட்டுகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். திண்டிவனம் கட்டு எது, சிதம்பரம் கட்டு எது என்று பிரிப்பதே ஒரு யுகம்.

அலுவலகங்களில் அப்போது ராஜ்ஜியம் டைப்ரைட்டருடையது. 1956-இன் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை அலுவலகத்துக்குள் கொண்டுவந்தது. உட்கார வைத்தது இந்த இயந்திரம்தான். யாழ்ப்பாணத்து முத்தையா 1930-களில் வடிவமைத்த விசைப்பலகையின் வழிவந்தது அது. லோயர், ஹையர் பாஸ் பண்ணாமல் அரசு வேலை கனவு காண முடியாது என்பதால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மாடிக்கு மாடி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். விடியற்காலையில் அந்தத் தெருவில் நடந்தால் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்வது போலக் கேட்கும்.

கம்ப்யூட்டர் வந்தபோது முதல் தகராறு எழுத்தில்தான் வந்தது. 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாடு புதிய விசைப்பலகை ஒன்றைத் தேர்ந்தது. கற்க எளிது, நியாயமான அமைப்பு. ஆனால் பத்து விரலும் பத்து வருஷமாக டைப்ரைட்டருக்குப் பழகிய உதவியாளர் எதற்கு மாற வேண்டும்? மாறவில்லை. பழைய டைப்ரைட்டர் முறையே கம்ப்யூட்டருக்குள் குடிபுகுந்தது. எழுத்துரு வானவில் அவ்வையார். தமிழ்நாட்டு அரசு அலுவலகம் எதில் நுழைந்தாலும் அந்த அவ்வையைப் பார்க்கலாம். சிக்கல் என்னவென்றால், அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் அதே கடிதத்தைத் திறந்தால் ரோமன் எழுத்தும் ஆச்சரியக்குறியும் கலந்த கூட்டாஞ்சோறு. ஒருங்குறியையே தரமாகக் கொள்ள வேண்டும் என்று அரசாணை வந்தது 2010 ஜூனில். ஆணை வந்தது, அவ்வை போகவில்லை. நானே பல வருஷம் அவ்வையில்தான் எழுதினேன், யாரைக் குறை சொல்ல?

நிலக்கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் மத்தியத் திட்டம் 1988-89-இல் நாட்டின் எட்டு மாவட்டங்களில் வெள்ளோட்டமாகத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதற்கு ‘தமிழ் நிலம்’ என்று பெயர் வைத்த மென்பொருள் 2000-த்தை ஒட்டித் தாலுகா தாலுகாவாக நடைமுறைக்கு வந்தது. அதே காலத்தில் திருவாரூரில் கலெக்டர் உமாசங்கர் ஒரு மாவட்ட நிர்வாகத்தையே கம்ப்யூட்டருக்கு மாற்றிக்காட்டி நாடு முழுதும் பேசப்பட்டார். கர்நாடகம் ‘பூமி’ திட்டத்தில் 67 லட்சம் விவசாயிகளின் 2 கோடி நிலப்பதிவுகளை ஏற்றி, கையால் எழுதிய நகல் இனிச் செல்லாது என்று அறிவித்தது.

விழுப்புரம் மாவட்டத்துக்கு இந்த மாதிரிக் கதாநாயகன் கதை ஏதும் இல்லை. அதனால்தான் எனக்கு இது சுவாரசியம். சாதாரண மாவட்டம், சாதாரண தாலுகா, மின்சாரம் போனால் நிற்கும் இயந்திரம். யுடிஆர் ஏட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு தட்டினார்கள். மங்கிய மையில் ‘குப்பன்’ இருந்தால் ‘குப்பன்’, ‘குப்புசாமி’ என்று தோன்றினால் ‘குப்புசாமி’. தகப்பன் பெயர் படிக்க முடியாவிட்டால் படித்த மட்டும். ஏட்டில் இருந்த பிழையோடு விரலின் பிழையும் சேர்ந்தது. கையெழுத்துப் பிழையாக இருந்தவரை ஊரில் நாலு பேர் அதைப் பிழை என்று சொன்னார்கள். பச்சை முத்திரையோடு அச்சாகி வந்ததும் சொன்னவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். “கம்ப்யூட்டர்லயே அப்படித்தாங்க இருக்கு” என்ற வாக்கியம் இந்தக் காலத்தில் பிறந்தது. கர்ணத்தை எதிர்த்துப் பேச முடியாதவர்கூட அவருடைய பங்காளியிடம் போய் முறையிடலாம். திரையிடம் எந்தப் பங்காளியைத் தேடுவது?

இந்த மண்ணுக்கு நூதனம் ஆகாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. டிஎம்வி-2 என்ற வேர்க்கடலை ரகம் 1940-இல் வெளிவந்தது. டிஎம்வி என்றால் திண்டிவனம். இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பிள்ளை அது. எந்த அரசாணையும் துரத்தாமல், ராயலசீமை வரை விதைக்கு விதை கைமாறிப் போயிற்று. காசு வருகிறது என்று தெரிந்தால் குடியானவன் ஒரே போகத்தில் மாறிவிடுவான்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போனால் தமிழ்நாட்டு எல்லையும் புதுச்சேரி எல்லையும் மாறி மாறி வரும். மதகடிப்பட்டு அவர்களுடையது, கண்டமங்கலம் நம்முடையது, வில்லியனூர் மறுபடி அவர்களுடையது. அந்த வில்லியனூரை மையமாக வைத்து 1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடா நாட்டு உதவியோடு கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. கம்பித் தொலைபேசி நம்பகமில்லாத ஊர்களுக்கு வி.எச்.எஃப். வானொலி வழியாகத் தகவல் போயிற்று. மின்வெட்டுக்குச் சூரியத் தகடு. பெட்டியை இறக்குவதற்கு முன்னால் ஊராரிடம், உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். விவசாய ஊர்கள் உரவிலை, மாட்டு நோய், அரசுத் திட்டங்களின் விவரம் கேட்டன. கடலோர வீராம்பட்டினம் நாளைக்கு அலை எவ்வளவு உயரம் என்று கேட்டது. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வங்காள விரிகுடாவின் அலைக்கணிப்பு கிடைத்தது. அதை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கட்டுமரத்தை இறக்குவதா வேண்டாமா என்பதைப் பென்டகன் கணக்கை வைத்து ஒரு குப்பம் முடிவு செய்தது!

எம்பலத்தில் மையம் கோயில் கட்டடத்திலேயே ஓர் அறையில் நடந்தது. சந்நிதிக் கதவு சில சாதியாருக்கும் தீட்டு நாளில் இருந்த பெண்களுக்கும் அடைத்திருந்தது; பக்கத்துக் கதவில் கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் யாரும் போகலாம், இயக்கியதே பெண்கள்தான். 2004 டிசம்பர் 26 காலை நல்லவாடு குப்பத்துக்குச் சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து போன் வந்தது. அதே ஒலிபெருக்கியில் எச்சரித்து மக்களை வெளியேற்றினார்கள். ஊர் தப்பியது.

நம் பக்கம் வருவோம். 1993-இல் பிறந்த மாவட்டம் பெரிது. ஊழியருக்கோ வேலைக்கு மேல் வேலை. தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் 2006 பிப்ரவரியில் தொடங்கியபோது தமிழ்நாட்டின் முதல் ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. அந்த வருகைப்பதிவேடு, கைரேகை, கைப்பேசிச் செயலி எல்லாம் தனி அத்தியாயம் கேட்கிறவை, பிறகு பார்ப்போம். நிலத்தில் நடந்த பெரிய மாற்றம் தாலுகா அலுவலகத்தில் தொடங்கவில்லை. பதிவாளர் அலுவலகத்திலிருந்து வந்தது.

பத்திரம் பதிவது ஒரு துறை, பட்டா கொடுப்பது இன்னொரு துறை. இரண்டும் நூறாண்டுக்கு மேலாக ஒன்றையொன்று பார்க்காமல் வாழ்ந்தவை. சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயம் முடிந்தால் அங்கே வில்லங்கச் சான்றில் உங்கள் பெயர்; தாலுகா அலுவலகத்தில் விற்றவர் பெயரே பட்டாவில் தொடரும். அதே நிலத்தை அவர் இன்னொருவருக்கு விற்கலாம், விற்றும் இருக்கிறார்கள். வில்லங்கம் போடுவதென்றால் தடித்த அட்டவணைப் புத்தகங்களை ஆண்டு ஆண்டாகப் புரட்ட வேண்டும். 13 வருஷத்துக்கு ஒரு கூலி, 30 வருஷத்துக்கு ஒரு கூலி, அவசரமென்றால் தனிக் கூலி. 2000-இல் தொடங்கிய ‘ஸ்டார்’ திட்டம் இந்தப் புரட்டலைக் குறைத்தது. 2018 பிப்ரவரியில் ஸ்டார் 2.0 வந்தபோது பத்திரத்தை வீட்டிலிருந்தே உள்ளிடலாம் என்றானது. தமிழ் நிலத்தோடு இணைப்பும் வந்தது. உட்பிரிவு செய்யத் தேவையில்லாத கிரயங்களில் பத்திரம் முடிந்த கையோடு பட்டா மாறுதல் தானாக நகரத் தொடங்கியது. இரண்டு துறைகளைக் கடைசியில் பேச வைத்தது ஒரு கம்பி. நூறு கமிட்டி செய்யாததை அது செய்தது என்பேன்.

ஆனால் கம்பிக்குப் பெயர் பொருந்த வேண்டும். பட்டாவில் ‘கோ. ராமு’, ஆதாரில் ‘ராமு கோவிந்தசாமி’, பத்திரத்தில் ‘ராமு என்கிற ராமலிங்கம்’. மூவரும் ஒருவரே என்று ஊருக்குத் தெரியும். இயந்திரத்துக்குத் தெரிய ஒரு சான்று வேண்டும், சான்றுக்கு ஒரு மனு வேண்டும். மனிதரை விடுங்கள், மாவட்டத்தின் பெயரே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது ரயில் நிலையப் பலகையில் ‘எல்’ இரண்டு, ‘பி’ ஒன்று. மாவட்டத்தின் இணைய முகவரியில் ‘எல்’ ஒன்று, ‘பி’ இரண்டு. தமிழின் ழகரம் இரண்டிலும் இல்லை.

தாலுகா அலுவலக வாசலில் புங்கமரத்தடியில் மேஜை போட்டு மனு எழுதிக் கொடுத்தவரை எனக்கு நினைவிருக்கிறது. எந்த ஊர் அலுவலகம் என்பது வேண்டாம். ‘மேதகு சமூகம்’ என்று தொடங்கினால் ஒரு விலை, நேரடியாக விஷயத்துக்கு வந்தால் ஒரு விலை. இன்று அந்த இடத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டர். அரசு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதல் விண்ணப்பத்துக்கு 60 ரூபாய். ஆனாலும் எதிர்க்கடையில்தான் கூட்டம். காரணம் கேட்டேன். “அவரு நம்ம சொல்றத கேட்டுட்டு தட்டுவாரு சார், அங்க கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லணும்” என்றார் வரிசையில் நின்ற பெரியவர். ‘ஏரிக்கரை மேலண்டை அரைக்காணி’யை சர்வே எண்ணாக்கித் தரும் துபாஷி வேலை அந்தக் கடைக்காரருக்கு வந்திருக்கிறது.

2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. கடலூரிலிருந்து கட்டுப் பிரித்ததைப் போல இந்த முறை யாரும் புழுதியில் உட்காரவில்லை. திரையில் இறங்கும் பட்டியலில் சங்கராபுரமும் திருக்கோவிலூரும் வேறு மாவட்டத்தின் கீழ் போய் நின்றன, அவ்வளவுதான். புலப்படங்களும் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. சர்வேயர் கையில் செயற்கைக்கோளைப் பார்க்கும் கருவி வந்துவிட்டது. யுடிஆர் திருத்த மனுக்கள் மட்டும் மாவட்ட வருவாய் அலுவலர் மேஜைக்கு இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. திட்டம் முடிந்து கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஆகிறது. மனு போட்டவரின் மகன் இப்போது மனுதாரர்.

பசலி முடியும் தறுவாயில், மே, ஜூனில் தாலுகாதோறும் ஜமாபந்தி நடக்கும். ஷாமியானா, சுழலும் மின்விசிறி, மேஜையில் மடிக்கணினி. ஒவ்வொரு வி.ஏ.ஓ.வும் தன் கிராமக் கணக்கைக் கொண்டுவந்து வைப்பார். கம்ப்யூட்டரில் அச்செடுத்த தாள்கள்தான்; ஆனாலும் துணியில் கட்டித்தான் கொண்டுவருகிறார்கள். கணக்குத் தணிக்கை முடிந்ததும் ஜமாபந்தி அதிகாரி எழுந்து வெளியே வருவார். தரையில் நில அளவைச் சங்கிலியை நீட்டி வைத்திருப்பார்கள். 1620-இல் எட்மண்ட் குன்ட்டர் என்ற இங்கிலாந்துக்காரர் வகுத்த சங்கிலியின் வாரிசு அது: அவருடையதில் 66 அடி, 100 கண்ணி, ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். இப்போதிருப்பது மீட்டர் கணக்குச் சங்கிலி. இரண்டு பேர் இரு முனையையும் பிடித்து இழுக்க, அதிகாரி குனிந்து நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். மறுநாள் பேப்பரில் வருவது அந்தப் படம்தான்.